கைதட்டல் கூலியாகுமா?

லண்டன் நகரில் ‘பப்’ என்று சொல்லப்படும் மதுக்கடைகள் தெருவுக்குத் தெரு உண்டு. கீழே பீர் விற்பனை. சில கடைகளின் மாடியிலோ பின்கட்டிலோ ஓர் அறை. கருப்புத் துணி கட்டிய சுவர், நாலைந்து விளக்கு, 50 அல்லது 60 நாற்காலி. அதற்குப் பெயர் நாடக அரங்கு! இங்கிலாந்தில் மாதர் புதிதாக எழுதும் நாடகங்கள், மாதர் முன்னின்று நடத்தும் நாடகங்கள் பலவும் பிறப்பது இத்தகைய அறைகளில்தான்.

பூர்ஷ்வாப் பத்திரிகைகள் இதைக் கண்டு பூரித்துப் போகின்றன. பெண்களுக்குக் கதவு திறந்துவிட்டது, திறமை இருந்தால் ஏணியில் ஏறலாம் என்று சங்கு ஊதுகின்றன.

நாம் கேட்கிறோம்: கதவு திறந்தது சரி, எந்தக் கதவு? மாளிகையின் வாசற்கதவா, மாட்டுக்கொட்டகையின் படலா? அந்த ஏணியில் ஏற யாருக்கு முடிகிறது? ஏறும் வரை அவள் சாப்பாட்டுக்கு யார் பொறுப்பு?

நம் தோழர்களில் சிலர் வேறு விதமாகப் பேசுகிறார்கள். “லண்டனில் யாரோ சீமாட்டிகள் கூத்தாடினால் நமக்கென்ன? மில்லில் ஆட்குறைப்பு, வயலில் கூலிச் சண்டை; இதற்கு நடுவே நாடகப் பேச்சு எதற்கு?” என்கிறார்கள்.

இரண்டு கூற்றும் தவறு. இரண்டும் ஒரே இடத்தில்தான் போய் முடிகின்றன. உழைக்கும் பெண்ணின் வாயை அடைப்பதில் போய் முடிகின்றன!

பெயர் வந்த கதை

மில் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தறியில் நெய்து முடித்த துணியின் ஓரத்தில் பாவு நூலின் முனைகள் தொங்கும். அதை முடிந்து குஞ்சம் கட்டுவார்கள். குஞ்சத்துக்கு ஆங்கிலத்தில் ‘பிரிஞ்ச்’ என்று பெயர். சின்ன அரங்குகளின் நாடகத்துக்கும் இதே பெயர்தான்.

1947ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில் முதல் சர்வதேசக் கலைவிழா நடந்தது. அழைப்பு இல்லாத 8 குழுக்கள் தாமாகவே வந்து, கிடைத்த இடத்தில் நாடகம் போட்டன. விழாவின் ஓரத்தில் நடந்ததால் மறு ஆண்டே அதற்குக் குஞ்சம் என்ற பெயர் வந்தது, பெயர் நிலைத்துவிட்டது.

அந்த 8 குழுக்களில் ஒன்று கிளாஸ்கோ யூனிட்டி. இரண்டாம் உலக யுத்த காலத்தில் தொழிலாளர் நாடகக் குழுக்கள் ஒன்றுகூடி உருவாக்கிய ஸ்தாபனம் அது. சத்திரத்தில் ஒண்டிக் கிடக்கும் அனாதரவான மக்களைப் பற்றி மாக்சிம் கார்க்கி எழுதிய நாடகத்தை அது எடின்பரோவுக்குக் கொண்டுபோயிற்று. ஆக, குஞ்சம் என்று ஒதுக்கப்பட்ட இடத்தில் முதல் வரிசையில் நின்றது தொழிலாளி வர்க்கத்தின் மேடை! ஏணிப் புராணம் பாடுவோர் இதைச் சொல்ல மாட்டார்கள்.

35 ஆண்டு உறங்கிய நாடகம்

அதே 1947 ஜனவரியில் யூனிட்டி குழு ஒரு பெண் எழுதிய நாடகத்தைக் கிளாஸ்கோவில் அரங்கேற்றியது. எழுதியவர் ஈனா லாமண்ட் ஸ்டூவர்ட். குழந்தைகள் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். நாடகத்தின் பெயர் ‘மென் ஷுட் வீப்’, அதாவது ‘ஆண்கள் அழவேண்டும்’.

1930களின் பொருளாதார மந்த காலம். கிளாஸ்கோவில் தொழிலாளர் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழும் ஒரு கட்டடம். மாகி என்ற தாய்க்கு ஏழு பிள்ளைகள். புருஷன் ஜானுக்கு வேலை இல்லை. மோசமானவன் அல்ல, ஆனால் வீட்டு வேலையில் கை வைக்க மாட்டான். சுவரெல்லாம் ஈரம். சின்னப் பையனுக்கு க்ஷயரோகம். அந்த ஈர வீட்டுக்கு அவனைத் திருப்பி அனுப்ப ஆஸ்பத்திரி மறுக்கிறது.

பஞ்சம் பெண்ணை இரண்டு பக்கமும் நெரிப்பதை அந்த நாடகம் காட்டிற்று. ஒரு பக்கம் முதலாளித்துவம். மறு பக்கம் சொந்த வீட்டு ஆணின் அதிகாரம். அண்டை வீட்டுப் பெண்களின் வம்பு, சிரிப்பு, அடிபட்டு வீங்கிய முகம், பிள்ளைகள் வீட்டுக்கு வீடு தள்ளிவிடும் கிழவி, எல்லாம் மேடைக்கு வந்தன.

1951ல் யூனிட்டி குழு கலைந்தது. நாடகத்தையும் உலகம் மறந்தது. 1982ல்தான் ‘7:84’ என்ற இடதுசாரிக் குழு அதைத் தூசி தட்டி எடுத்து மேடையேற்றியது. பிரிட்டனில் 7 சதவீதம் பேர் கையில் 84 சதவீதம் சொத்து என்ற கணக்கையே தனக்குப் பெயராகச் சூட்டிக்கொண்ட குழு அது!

இதற்குள் ஈனா முடிவை மாற்றி எழுதியிருந்தார். பழைய முடிவில் மாகி செத்துப்போகிறாள். புதிய முடிவில் அவள் நிமிர்ந்து நிற்கிறாள். வீட்டை விட்டுப் போன மகள் பணத்தோடு திரும்பி வருகிறாள். அது மானங்கெட்ட பணம் என்று குதிக்கிறான் ஜான். மாகி அவனை எதிர்த்து, பிள்ளைகளுக்கு நல்ல வீடு வேண்டும் என்று அந்தப் பணத்தை வாங்கிக்கொள்கிறாள்.

லண்டனிலுள்ள தேசிய நாடக அரங்கு இதை மேடையேற்றியது 2010ல். ஈனா 2006லேயே காலமாகிவிட்டார்.

திறமை இல்லாததாலா இந்த நாடகம் 35 ஆண்டு உறங்கியது? எழுதிய பெண் இருந்தார். எழுத்து இருந்தது. பார்க்க ஜனங்கள் இருந்தார்கள். தூக்கிப் பிடிக்க ஸ்தாபனம் இல்லை! அதுதான் காரணம்.

பெரிய மேடையின் லட்சணம்

அந்தத் தேசிய நாடக அரங்குக்கு மக்கள் வரிப்பணத்திலிருந்து மானியம் போகிறது. அதன் மிகப் பெரிய மேடை ‘ஒலிவியர்’. 1976ல் திறந்தார்கள். உயிரோடிருக்கும் ஒரு பெண் சொந்தமாக எழுதிய நாடகம் முதன்முதலாக அந்த மேடையில் ஏறியது எப்போது தெரியுமா? 2008ல்! 32 ஆண்டு கழித்து! எழுதியவர் ரெபெக்கா லென்கிவிச். வாக்குரிமை கேட்டுச் சிறைக்குப் போன மாதரைப் பற்றிய நாடகம் அது.

வரி கட்டுவதில் பெண்ணுக்குச் சலுகை உண்டா? இல்லை. அந்த வரியில் கட்டிய மேடையில் ஏற மட்டும் 32 ஆண்டு காத்திருக்க வேண்டுமாம்! பெரிய கதவு சாத்தியிருந்ததால்தான் பெண்கள் மதுக்கடை மாடிப்படி ஏறினார்கள். இதை ‘வாய்ப்பு’ என்று சொல்லக் கூச்சமில்லையா?

சீமாட்டிகள் கதையா?

இனி, நமக்கென்ன என்று கேட்ட தோழருக்கு வருவோம்.

லண்டனில் பாட்டர்ஸீ பகுதியில் ஒரு மதுக்கடை மாடியில் ‘தியேட்டர் 503’ இருக்கிறது. 60க்குச் சற்று மேல் நாற்காலிகள். 2009ல் அங்கே ‘தி மௌண்டன்டாப்’ என்ற நாடகம் அரங்கேறியது. எழுதியவர் கேட்டோரி ஹால் என்ற கறுப்பினப் பெண். அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்தவர். 1968ல் அந்த நகரத்தில் சுமார் 1,300 துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். குப்பை லாரியின் இயந்திரத்தில் சிக்கி இரண்டு தொழிலாளர்கள் நசுங்கிச் செத்த பிறகு வெடித்த போராட்டம் அது. அவர்களுக்குத் துணை நிற்க வந்தார் மார்ட்டின் லூதர் கிங். ஏப்ரல் 4ஆம் தேதி அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அதற்கு முந்தின இரவு, ஓட்டல் அறையில், கிங்கும் அறையில் வேலை செய்யும் ஒரு பெண்ணும் பேசுவதுதான் நாடகம். மதுக்கடை மாடியில் பிறந்த அந்த நாடகம் 2010ல் லண்டனின் ஒலிவியர் விருதை, சிறந்த புதிய நாடகம் என்று, வென்றது.

இன்னொன்று, 2015ல் வேல்ஸ் நாட்டின் கார்டிப் நகரில் அரங்கேறி எடின்பரோவுக்கு வந்த ‘இபிஜினியா இன் ஸ்ப்ளாட்’. எழுதியவர் கேரி ஓவன் என்ற ஆண். ஆனால் மேடையில் நிற்பது ஒரே ஒரு பெண். வேலையற்ற எபி என்பவள். ஆஸ்பத்திரிச் செலவை சர்க்கார் வெட்டியதன் பலனாக அவள் குறைமாதக் குழந்தை உயிரிழக்கிறது. வெட்டின் சுமை யார் தலையில் விழுகிறது என்று அவள் சபையைப் பார்த்துக் கேட்கிறாள்.

துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தம், ஆஸ்பத்திரியில் சாகும் குழந்தை, ஈரச் சுவருள்ள வீடு! தோழரே, இது சீமாட்டி கதையா? உம் வீட்டுக் கதையா?

பதரில் பங்கு

சரி, இந்த அறைகளில் நடிப்பவர்களுக்கு என்ன கிடைக்கிறது? பல இடங்களில் சம்பளம் கிடையாது. ‘லாபத்தில் பங்கு’ என்பார்கள். அறை வாடகை முதலில். விளக்கு, விளம்பரம் அடுத்து. மிச்சம் இருந்தால் பங்கு. 50 நாற்காலி அறையில் மிச்சம் எங்கே இருக்கும்?

விவசாயத் தொழிலாளருக்கு இது புதிதல்ல. களத்து நெல்லெல்லாம் பண்ணையார் பத்தாயத்துக்குப் போன பிறகு, பதரில் பங்கு கொடுத்தால் எப்படி இருக்கும்? அதுதான் இது! கேட்டால், பெயர் கிடைக்கிறதே, அனுபவம் கிடைக்கிறதே என்பார்கள். ‘அப்ரண்டீஸ்’ என்று பெயர் சூட்டி முழு வேலை வாங்கும் மில் முதலாளி சொல்வதும் இதே பசப்பு வார்த்தைதான்.

எடின்பரோவில் இன்னும் மோசம். அங்கே யாரும் வரலாம், தடையில்லை. ஆனால் பதிவுக்குக் கட்டணம், மேடைக்கு வாடகை, ஆகஸ்டு மாதம் எகிறிவிடும் வீட்டு வாடகை! நடிப்பவளே பணம் கட்டி நடிக்க வேண்டிய விசித்திரம்.

‘ஃபிளீபாக்’ என்ற நாடகத்தை ஏணிக்குச் சாட்சியாக எல்லோரும் காட்டுகிறார்கள். 2013ல் எடின்பரோவில் ஒரு சின்ன அறையில் பீபி வாலர் பிரிட்ஜ் தனியாக நடித்தது. 2016ல் டெலிவிஷனுக்கு வந்து உலகப் புகழ் பெற்றது. நன்றாக எழுதினார், நன்றாக நடித்தார்; மறுக்கவில்லை. ஆனால் அவர் வசதியான குடும்பத்தில் பிறந்து, லண்டனின் புகழ்பெற்ற நாடகக் கல்லூரியில் படித்தவர். ஏறிய ஒருவரைக் காட்டுகிறார்களே, வாடகை கட்ட முடியாமல் பாதிப் படியில் இறங்கிப்போன பெண்களின் கணக்கை யார் வைத்திருக்கிறார்கள்?

தொழிலாளி வீட்டுப் பெண் ஏறிய கதையும் உண்டு. சால்போர்ட் நகரத்து ஷீலா டெலனி, பஸ் இன்ஸ்பெக்டர் மகள். கடையிலும் பாக்டரியிலும் வேலை பார்த்தவர். 19 வயதில் அவர் எழுதிய ‘எ டேஸ்ட் ஆப் ஹனி’ 1958ல் கிழக்கு லண்டனின் தொழிலாளர் வட்டாரத்தில் அரங்கேறியது. அவரைத் தூக்கி நிறுத்தியது எந்த ஏணி? ஜோன் லிட்டில்வுட் என்ற இடதுசாரிப் பெண் நடத்திய ‘தியேட்டர் வொர்க்‌ஷாப்’ குழு! உளவுப் போலீஸ் பல ஆண்டு கண்காணித்த பெண் அவர். யூனிட்டி செய்ததையே இந்தக் குழுவும் செய்தது. ஏணி அல்ல, தோழமை!

யார் மீது குற்றம்?

மதுக்கடை மாடியில் அரங்கு நடத்துவோரெல்லாம் பணமூட்டைகள் அல்ல. பலர் கடனில் நடத்துகிறார்கள். சிலர் நடிகர் சங்கமான ‘ஈக்விட்டி’யுடன் ஒப்பந்தம் செய்து கூலியும் கொடுக்கிறார்கள், அவர்களைப் பாராட்டுவோம். குற்றவாளி கலையைச் சந்தையில் நிறுத்திய வர்க்கம். தாட்சர் ஆட்சியில் ‘7:84’ குழுவின் இங்கிலாந்துக் கிளைக்கு மானியம் நின்றது, அது மூடப்பட்டது. 2010ல் இங்கிலாந்தின் கலை மானியத்தில் சுமார் 30 சதவீதத்தை சர்க்கார் வெட்டியது. 2022ல் ‘கேட்’ என்ற சின்ன அரங்கு மானியம் முழுவதையும் இழந்தது.

ஆகவே அங்கே எழும் கோரிக்கை தெளிவு: சின்ன மேடையிலும் முழுக் கூலி! பெரிய மேடையில் மாதருக்குச் சம இடம்! மக்கள் வரிப்பணம் மக்கள் கலைக்கு! இந்தக் கோரிக்கைகளை நாம் ஆதரிக்கிறோம்.

நம் வீட்டைப் பார்ப்போம்

தோழர்களே, பிறரைக் கேட்டோம், நம்மையும் கேட்போம். நம் சங்க மாநாட்டுக் கலை இரவில் மேடையில் ஏறும் நாடகங்களில் பெண் எழுதியது எத்தனை? நாற்று நடும் பெண்ணுக்குப் பாட்டு வரும், நூற்பு மில் பெண்ணுக்கு நையாண்டி வரும். அவள் வாயில் வருவதை நாம் எழுதி வாங்கினோமா? ஒத்திகை இரவு ஒன்பது மணிக்கு என்று வைத்துவிட்டு, பெண் தோழர்கள் வருவதில்லை என்று குறை சொல்கிறோம். அந்த ஒன்பது மணிக்கு அவள் எந்த அடுப்பின் முன்னால் நிற்கிறாள்? நம் அடுப்பின் முன்னால்தானே? மாகியின் புருஷன் கிளாஸ்கோவில் மட்டும் இல்லை!

கிளைதோறும் கலைக்குழு வேண்டும். அதில் பெண் எழுத வேண்டும், பெண் நடத்த வேண்டும். ஒத்திகை அவளுக்குத் தோதான நேரத்தில் நடக்க வேண்டும்; அந்த நேரம் பிள்ளையை ஆண் தோழர் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு நாள் கூலி போனால் சங்கம் ஈடு கட்ட வேண்டும். நாம் இதைச் செய்யாவிட்டால், நம் ஊர் ஈனாவின் நாடகமும் 35 ஆண்டு பெட்டிக்குள் கிடக்கும்.

கைதட்டல் வயிற்றை நிரப்பாது. மேடையில் உழைப்பவளுக்குக் கூலி கொடு! உழைப்பவளுக்கு மேடை கொடு!