எட்மண்டனுக்கு முதலில் பேருந்து
பொதுப்பணத்தின் அடுத்த பங்கு மிதிவண்டித் தடத்துக்கா, பேருந்துக்கா என்ற விவாதத்தில், வட லண்டனில் என்ஃபீல்டு நகரசபைப் பகுதியிலுள்ள எட்மண்டனுக்கு முதலில் பேருந்தே தேவை என்பது நம் நிலைப்பாடு. 2014இல் மிதிவண்டிப் பயணத்தை ஊக்குவிக்கும் ‘மினி ஹாலந்து’ திட்டத்தில் என்ஃபீல்டுக்குக் கிடைத்த சுமார் 3 கோடி பவுண்டில்தான் ஹெர்ட்ஃபோர்டு சாலையில் மிதிவண்டித் தனித்தடங்கள் அமைந்தன. பிள்ளைகள் அச்சமின்றிச் செல்ல உதவும் அவற்றை அகற்றக் கோருவது தவறு. ஆனால், நார்த் மிடில்செக்ஸ் மருத்துவமனைக்கு விடியுமுன் பணிக்குப் போகிறவரும், சிகிச்சைக்குச் செல்லும் முதியவரும் நம்பியிருப்பது பேருந்தை. தடம் பெரும்பாலும் ஒருமுறைச் செலவு. பேருந்துச் சேவைக்கோ ஆண்டுதோறும் நிதி வேண்டும், ஆகவே வெட்டும் அதன்மீதே எளிதில் விழுகிறது. எட்மண்டனின் ஃபோர் ஸ்ட்ரீட்டில் 149, 279 எண் பேருந்துகள் நெரிசலில் நிற்காதபடி பேருந்துத் தடமும் சிக்னலில் முன்னுரிமையும் தரவே என்ஃபீல்டு நகரசபையும் லண்டன் போக்குவரத்து நிறுவனமும் அடுத்த ஒதுக்கீட்டைச் செலவிட வேண்டும்.