கீழே குளத்தில் என்றால் என்ன குற்றம்?

இங்கிலீஷ் பாஷையைக் கொல்வதற்கென்றே நம்முடைய பள்ளிக்கூடங்களில் ஒரு நேரம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அதற்குக் 'கிராமர் பீரியட்' என்று பெயர். இப்படிச் சொன்னால் உபாத்தியாயர்கள் பலருக்கு என் மீது கோபம் வரும். வரட்டும். கோபம் வரக்கூடிய விஷயத்தைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

புதுக்கோட்டையில் எனக்குத் தெரிந்த வீட்டுப் பையன் ஒருவன், எட்டாம் வகுப்பு படிக்கிறவன், தன் பரீட்சைத் தாளைக் கொண்டு வந்து காட்டினான். 'உன் தாத்தா எங்கே இருக்கிறார்?' என்பது கேள்வி. 'கிராண்ட்ஃபாதர் இஸ் டவுன் அட் தி டாங்க்' என்று எழுதியிருந்தான். பையன் பொய் எழுதவில்லை. தாத்தா சாயங்காலமானால் பல்லவன் குளத்தங்கரைக்குப் போய்விடுகிற மனிதர்தான். ஆனால் 'டவுன்' என்ற சொல்லின் மேல் சிவப்பு மையால் ஒரு கோடு. ஓரத்தில் 'மிகை' என்று குறிப்பு. அரை மார்க் போயிற்று.

"கோடு போட்டது சரியா, மாமா?" என்று கேட்டான்.

"இல்லையடா" என்றேன். அதற்கு மேல் அவனுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். திருத்தியவருக்குச் சொல்ல வேண்டியது பாக்கி இருக்கிறது. ('டாங்க்' என்றால் வெள்ளைக்காரனுக்கு முதலில் தண்ணீர்த் தொட்டியோ பீரங்கி வண்டியோதான் ஞாபகத்துக்கு வரும். அதைப் பற்றித் திருத்தியவருக்குக் கவலையே இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.)

மிகையாம்! இங்கிலீஷ்காரன் வீட்டில் பேசுகிற பேச்சில் பாதி இந்த 'மிகை'தான். அப் இன் தி அட்டிக், அவுட் இன் தி யார்டு, ஓவர் அட் மை ஆண்ட்ஸ், பேக் இன் லண்டன் என்றுதான் அவன் வாயில் வார்த்தை வருகிறது. முதலில் ஒரு சிறு சொல். அதன் பின்னால் இடத்தைச் சொல்லும் தொடர். முதல் சொல் கையை வீசித் திசையைக் காட்டுகிறது. அடுத்தது விரலை நீட்டி இடத்தைத் தொடுகிறது. இரண்டு காரியங்களும் வேறு வேறு. 'குளத்தில்' என்றால் இடம் மட்டும் தெரியும். 'கீழே' என்ற சொல்லும் சேர்ந்தால், பேசுகிறவன் எங்கே நின்றுகொண்டு பேசுகிறான், குளம் அவனுக்கு எந்தப் பக்கம் என்பதும் தெரிந்துவிடும். மனிதனே வாக்கியத்துக்குள் வந்து நின்றுவிடுகிறான்! சிவப்பு மை அடித்தது அந்த மனிதனைத்தான்.

இதிலுள்ள வேடிக்கை என்னவென்றால், இது நமக்குப் புதியதே அல்ல. 'மேலே பரண்ல இருக்கு', 'உள்ளே அலமாரியில பாரு', 'வெளியே திண்ணையில உட்காரச் சொல்லு' — எந்த வீட்டில் இப்படிப் பேசவில்லை? வரிசைகூட அதேதான். முதலில் கைவீச்சு, பிறகு விரல். 'பரணில் மேலே' என்று புரட்டிப் போட்டால் அர்த்தம் மாறிப் பரணின் மேல்புறம் என்றாகிவிடும். 'இன் தி அட்டிக் அப்' என்று புரட்டினால் இங்கிலீஷும் நொண்டும். எழுவாய், பயனிலை, சொல் வைப்பு என்று எத்தனையோ விதத்தில் நமக்கு எதிர்த் திசையில் நடக்கிற ஒரு பாஷை, இந்த ஓரிடத்தில் நம்மோடு கைகோத்துக்கொண்டு நடக்கிறது. வகுப்பில் அதைச் சொல்வார் இல்லை. சொன்ன பையனுக்கும் அரை மார்க் அபராதம்.

சமதரையில் இருக்கிற கடைக்கு 'டவுன் அட் தி ஷாப்' என்று ஏன் சொல்ல வேண்டும், இது என்ன நியாயம் என்று சிலர் கேட்பார்கள். அவர்கள் புதுக்கோட்டைக்கு வந்து கீழ ராஜ வீதியில் ஒரு நடை நடந்து பார்க்கலாம். மேல ராஜ வீதியை விட அது எத்தனை அடி பள்ளம்? கிழக்குக் கீழ் ஆயிற்று, மேற்கு மேல் ஆயிற்று, தேசம் மேற்கே உயர்ந்து கிழக்கே சரிகிற காரணத்தால். அந்தச் சரிவு கண்ணுக்குத் தெரியாத தெருவிலும் சொல் நிலைத்துவிட்டது. கீழ வீதியில் பிறந்து வளர்ந்த குழந்தைக்கு 'டவுன்' என்ற சொல்லை விளக்கவா வேண்டும்?

எல்லாம் அப்படியே பொருந்தும் என்று நான் வாதிக்க வரவில்லை. 'பேக் இன் 1948' என்பதைப் 'பின்னால் 1948-ல்' என்று ஒருவன் பெயர்த்தால், அவனைக் கைகூப்பி வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டியதுதான். ஆனால் சமஸ்தானத்தை இந்திய யூனியனோடு இணைத்த அந்த மார்ச்சு மாதத்தைப் பற்றி நம் கிழவர்கள் எப்படிச் சொல்வார்கள்? 'அந்தக் காலத்திலே, நாற்பத்தெட்டிலே' என்றுதான். மறுபடியும் கைவீச்சு, பிறகு விரல். சொல் வேறு, நடை ஒன்று.

சரி, குழப்பம் எங்கிருந்து வந்தது? பெயரிலிருந்து வந்தது. 'ஹி இஸ் இன்' என்றால் அந்த 'இன்' அட்வெர்ப். 'ஹி இஸ் இன் தி ஹவுஸ்' என்றால் அதே 'இன்' ப்ரிபொசிஷன். குழந்தை இதை உருப்போட வேண்டும். டென்மார்க் தேசத்து ஜெஸ்பர்சன் என்ற பெரிய அறிஞர் 1924-லேயே இந்தக் கூத்தைப் பார்த்து முகம் சுளித்துவிட்டார். ஒருவன் பாடினாலும் அது வினைதான். பாட்டைப் பாடினாலும் வினைதான். 'இன்' மட்டும் பின்னால் ஒரு பெயர் வந்ததும் ஏன் ஜாதி மாற வேண்டும்? 2002-ல் ஹடில்ஸ்டன், புல்லம் என்ற இருவர் தலைமையில் கேம்பிரிட்ஜிலிருந்து வந்த மிகப் பெரிய இலக்கண நூலும் இந்தக் கட்சியில் சேர்ந்து, பெயர் பின்னால் வந்தாலும் வராவிட்டாலும் அவற்றை ஒரே இனமாக வைத்துவிட்டது. நம்முடைய நன்னூலாரோ என்றைக்கோ ஏழாம் வேற்றுமைக்கு 28 உருபுகளைச் சொல்லி, 'இல்'லையும் 'மேல்', 'கீழ்', 'முன்', 'பின்'னையும் ஒரே கூடையில் போட்டுவிட்டுப் போனார். நாம்தான் இன்னும் 1930-களில் வெளிவந்த ரென் - மார்ட்டின் புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறோம்.

ரென்னும் மார்ட்டினும் இல்லாவிட்டால் இங்கிலீஷ் வராது என்கிறவர்களுக்குத் திருமயத்தை ஞாபகப்படுத்துகிறேன். 1887-ல் அங்கே பிறந்து, புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் படித்த சத்தியமூர்த்தி, டில்லி மத்திய சட்டசபையில் பேசிய இங்கிலீஷுக்கு முன்னால் வெள்ளைக்கார மெம்பர்களே திணற வேண்டியிருந்தது. அவர் படித்து முடித்து எத்தனையோ காலத்துக்குப் பிறகுதான் அந்தப் புத்தகம் பிறந்தது.

இதையெல்லாம் ஓர் அரை மார்க்குக்காகவா எழுதுகிறாய் என்று கேட்கலாம். அரை மார்க் அல்ல, ஐயா, விஷயம். அப்பாவும் அம்மாவும் இங்கிலீஷ் பேசுகிற வீட்டுக் குழந்தைக்கு 'அவுட் ஆன் தி வராண்டா' தானாகக் காதில் விழுந்துவிடும். ஆலங்குடிப் பக்கத்திலிருந்தும் பொன்னமராவதியிலிருந்தும் பஸ் ஏறி வருகிற குழந்தைக்கு அதைக் கேட்க இருக்கிற இடம் பள்ளிக்கூடம் ஒன்றுதான். அங்கேயும் அதை வெட்டிவிட்டால், பன்னிரண்டு வருஷம் படித்த பின்னும் அவன் பேசுவது கோர்ட்டுப் பிரமாணப் பத்திரத்தைப் போலத்தான் இருக்கும். தப்பே இருக்காது, உயிரும் இருக்காது. இன்டர்வியூவில் எதிரே உட்கார்ந்திருப்பவர் இரண்டு நிமிஷத்தில் இவன் எந்த வகை வீட்டுப் பையன் என்று எடை போட்டுவிடுவார். எடைக்கல் எது? பெரிய பெரிய வார்த்தைகள் அல்ல. அவற்றை அகராதியைப் பார்த்து யாரும் உருப்போட்டுக்கொண்டு போகலாம். இந்த அப்பும் டவுனும் ஓவரும் பேக்கும்தான். நம்முடைய நடுத்தர வர்க்கத்துக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்துதான் கான்வென்டுக்குக் கூட்டம் சேர்கிறது.

இதே ஜில்லாவில், 1991-லும் அதற்கடுத்த ஆண்டிலும், அறிவொளி இயக்கம் என்று ஒன்று நடந்தது. கல் உடைக்கிற பெண்களும் வயல் வேலை செய்கிற பெண்களும் எழுத்துக் கற்றார்கள். ஆயிரக்கணக்கில் சைக்கிளும் கற்றார்கள். அவர்களுக்கு உயிரெழுத்தின் இலக்கணத்தைச் சொல்லியா பாடம் ஆரம்பித்தது? அவர்கள் வாயில் ஏற்கெனவே இருந்த சொல்லை எடுத்து, அவர்கள் கண் முன்னே எழுதிக் காட்டினார்கள். வயது வந்தவர்களுக்குப் பலித்த வித்தை குழந்தைகளுக்கு மட்டும் பலிக்காதா? சித்தன்னவாசலுக்கு வருஷா வருஷம் பஸ் பிடித்துப் பிள்ளைகளை அழைத்துப் போகிறார்கள். மேலே ஏழடிப்பட்டத்தில் சமணர் படுக்கைகள். கீழே அறிவர் கோயிலில் சித்திரங்கள். அப் ஆன் தி ராக். டவுன் இன் தி கேவ். நின்ற இடத்திலேயே பாடம் முடிந்தது. ஆனால் நம்முடையவர்கள் அங்கே வரிசையாக நிற்க வைத்து எண்ணிக்கை எடுத்துவிட்டுத் திரும்பி விடுகிறார்கள்.

பரீட்சையில் அட்வெர்ப் எது, ப்ரிபொசிஷன் எது என்று கேட்கிறார்களே, அதற்கு என்ன செய்வது என்று ஓர் உபாத்தியாய நண்பர் கேட்டார். நல்ல மனிதர், கேள்வியும் நியாயமானது. தனியாக நின்றால் இந்தப் பெயர், பின்னால் பெயர்ச்சொல் வந்தால் அந்தப் பெயர் என்று பலகையில் எழுதிப் போடுங்கள் என்றேன். ஐந்து நிமிஷ வேலை. பாக்கி முப்பத்தைந்து நிமிஷத்துக்குப் பிள்ளைகளைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்து, மணி எங்கே தொங்குகிறது, காவல்காரர் எங்கே இருக்கிறார், காக்காய் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்கலாம்.