அளந்து இறுக்க வேண்டும்!

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது பழமொழி. தேருக்குச் சொன்னது காருக்கும் பொருந்தும்.

பழைய கார்களைப் புதுப்பித்து ஓட்டும் ஆசை பலருக்கு இருக்கிறது. தாத்தா வாங்கிய காரை விற்க மனம் வராமல் பேரன் ஒர்க் ஷாப்புக்குக் கொண்டு போகிறான். நல்ல ஆசைதான். பெயிண்டுக்கும் சீட்டுக்கும் தாராளமாகச் செலவு செய்கிறான். ஆனால் எஞ்சினுக்குள் இருக்கும் போல்ட்டையும் நட்டையும் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. வண்டியின் உயிர் இருப்பதோ அங்கேதான்!

மாரிஸ் மைனர் காரை எடுத்துக்கொள்வோம். 1948-ம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்த கார் அது. 10 லட்சத்துக்கு மேல் தயாரான முதல் பிரிட்டிஷ் கார் அதுவே. இலங்கைச் சாலைகளில் அதை இன்றும் காணலாம்.

அதன் எஞ்சினில் 4 பிஸ்டன்கள். எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 தடவை சுற்றினால், ஒவ்வொரு பிஸ்டனும் ஒரு நொடியில் 50 தடவை மேலே போய்க் கீழே வருகிறது. பிஸ்டனின் கனெக்டிங் ராடை கிராங்க் ஷாப்டோடு சேர்த்துப் பிடித்திருப்பவை இரண்டே போல்ட்டுகள். ஓடும்போது ஒன்று விட்டுப்போனால் என்ன ஆகும்? ராடு எஞ்சின் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வரலாம். செலவழித்த பணம் ஒரு நொடியில் பாழ். நடுரோட்டில் வண்டி நின்றால், உள்ளே இருக்கும் குடும்பத்துக்கும் ஆபத்து.

அப்படியானால் பலம் கொண்ட மட்டும் முறுக்கிவிடலாமா? கூடாது!

முறுக்கும்போது போல்ட் கண்ணுக்குத் தெரியாத அளவு நீளுகிறது. ரப்பரைப் போல மறுபடி சுருங்கப் பார்க்கிறது. அந்த இழுப்புதான் பாகங்களை இறுக்கிப் பிடிக்கிறது. இழுப்பு குறைந்தால் அதிர்வில் தளர்ந்துவிடும். மிதமிஞ்சி இழுத்தால் போல்ட் நீண்டது நீண்டதுதான். பிடிப்பு போய்விடும். ஒருநாள் முறிந்தும் போகும்.

ஆகவே அளவு வேண்டும். மாரிஸ் மைனர் 1000 காரின் சிலிண்டர் ஹெட் நட்டுக்கு 40 பவுண்டு-அடி. கனெக்டிங் ராடு போல்ட்டுக்கு 35. மெயின் பேரிங் போல்ட்டுக்கு 60. 40 பவுண்டு-அடி என்றால் என்ன? படுக்கையாக நிற்கும் ஓர் அடி நீள ஸ்பேனரின் நுனியில் 18 கிலோ எடையைத் தொங்கவிட்டால் உண்டாகும் முறுக்கு. அதை அளக்கும் கருவிதான் டார்க் ரெஞ்ச்.

கருவி மட்டும் போதாது. முறுக்கும் பலத்தில் ஏறக்குறைய 10-ல் 9 பங்கு உராய்வுக்கே போய்விடுகிறது. மரையில் துருவும் மண்ணும் இருந்தால் கருவி 40 காட்டும். போல்ட்டில் இழுப்பு இருக்காது. ஆகவே மரையைச் சுத்தம் செய்ய வேண்டும். ஹெட்டை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று தவணையில் இறுக்க வேண்டும். ஓரத்தை முதலில் இறுக்கினால் ஹெட் கோணிக்கொள்ளும். கேஸ்கெட் கெடும்.

இறுக்கிய பிறகு பூட்டவும் வேண்டும். பழைய எஞ்சின்களில் அதற்கு ஸ்பிளிட் பின்னும், மடக்கு வாஷரும் உண்டு. ஒரு தடவை மடக்கியதை நிமிர்த்தி மறுபடியும் போடக் கூடாது. பின் போடும் துளை நேராக வரவில்லை என்று நட்டைத் தளர்த்தவும் கூடாது.

“முப்பது வருஷ அனுபவம், கையே அளவு சொல்லும்” என்பார் சிலர். அனுபவம் பெரியதுதான். மரை கெட்டிருப்பதைக் கைதான் முதலில் உணரும். ஆனால் காலையில் உள்ள கைப்பலம் மாலையில் இருப்பதில்லை. வயதான நகைக்கடைக்காரரும் தங்கத்தைத் தராசில் வைத்துத்தான் நிறுக்கிறார். அது அவருக்குக் குறைவா?

கார் வைத்திருப்பவருக்கும் கடமை உண்டு. “நாளைக்கே வண்டி வேண்டும்” என்று மெக்கானிக்கை நெருக்கக் கூடாது. சில ரூபாய்க்காகப் பழைய பின்னையே போடச் சொல்லக் கூடாது. அவசரப்படுத்தியவருக்கும் விபத்தில் பங்கு உண்டு.

தொழில் பழகும் பையனின் கையில் முதலிலேயே டார்க் ரெஞ்சைக் கொடுக்கட்டும். அவன் அளந்து இறுக்கட்டும். பூட்டிய ஒவ்வொன்றையும் எண்ணிப் பார்க்கட்டும். அதற்குப் பிறகு சாவியைத் திருப்பட்டும்!