இல்லமும் நலமும்: புது அலமாரியின் நெடி

புதுமனை புகும் நம் அன்பர்கள் பலர், ஒட்டுப்பலகை அலமாரியின் நெடியைப் புதுமையின் மணமென்றே கருதுகின்றனர். அது, பலகையை ஒட்டிய யூரியா பிசினினின்று கசியும் ஃபார்மால்டிஹைடு என்னும் வாயு. கண்ணெரிச்சலும் இருமலும் தருவது. புற்றுநோய்க்கும் காரணமாவதெனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வகைப்படுத்தியது. உலகச் சுகாதார நிறுவனம் 2010-இல் விதித்த வரம்பு, அரைமணி நேரச் சராசரியாகக் கன மீட்டர் காற்றுக்கு 0.1 மில்லிகிராம்.

வெப்பம் மிகுந்தால் வாயு விரைந்து வெளிப்படும்; காற்றின் ஈரமோ பிசினையே சிதைத்து மேலும் வாயுவை விடுவிக்கும். ஆகவே, மும்பையின் மழைமாதங்களில் சன்னல்களைச் சாத்திவைக்கும் வீடுகளில் தீங்கு மிகுதி.

மழை ஓயுந்தோறும் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறப்போம். ஃபீனால் பிசினிட்ட பலகையில் கசிவு குறைவு. தச்சரிடம் அதனையே கேட்போம். குழந்தைகள் துயிலும் அறையில் புது அலமாரியை வைக்காதிருப்பது அனைத்தினும் நன்று.