வங்கியை வாங்கியாச்சு, மென்பொருளை மாத்துறதுதான் சிக்கல்: 19 லட்சம் பேரைத் தவிக்கவிட்ட டிஎஸ்பி கதை

2018 ஏப்ரல் 22, ஞாயிற்றுக்கிழமை மாலை. பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி (நம்ம ஊர் போலீஸ் டிஎஸ்பி இல்லை) வெள்ளிக்கிழமை மாலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்த ஆன்லைன் சேவையை மறுபடியும் திறந்தது. பழைய மென்பொருளில் இருந்த வாடிக்கையாளர் விவரங்களையெல்லாம் புதிய மென்பொருளுக்கு மாற்றும் வேலை முடிந்துவிட்டது என்பதுதான் வங்கியின் கணக்கு.

ஆனால் பலரால் உள்ளே நுழையவே முடியவில்லை. நுழைந்தவர்களில் சிலருக்கு வேறு யாரோ ஒருவரின் கணக்கு திரையில் தெரிந்தது. ஆன்லைனிலும் மொபைலிலும் வங்கிச் சேவையைப் பயன்படுத்திய சுமார் 19 லட்சம் பேர் தங்கள் கணக்கை ஒழுங்காகத் திறக்க முடியாமல் தவித்தார்கள். சரி, கிளைக்கு நேரில் போகலாம் என்று போனால் அங்கேயும் அதே கதை. எல்லாக் கிளைகளுமே பாதிக்கப்பட்டிருந்தன.

வங்கி முழுமையாக இயல்பு நிலைக்குத் திரும்பியது அந்த ஆண்டு டிசம்பரில்தான்.

அந்த வங்கியை மறுபடியும் கைமாற்ற 2025-ல் ஒப்பந்தம் போடப்பட்டது. டிஎஸ்பியை 265 கோடி பவுண்டுக்கு வாங்கும் ஒப்பந்தத்தை 2025 ஜூலை 1 அன்று ஸ்பெயினின் சான்டாண்டர் குழுமம் அறிவித்தது. அதனால் 2018-ல் என்ன தப்பு நடந்தது என்பதைத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில், வங்கி ஏன் விற்கப்பட்டது?

2008 நிதி நெருக்கடியில் தள்ளாடிய லாய்ட்ஸ் வங்கிக் குழுமத்தை பிரிட்டன் அரசு மக்கள் பணத்தைப் போட்டுக் காப்பாற்றியது. இப்படி அரசு உதவி வாங்கிய நிறுவனம் சந்தையில் மற்றவர்களை அமுக்கிவிடக் கூடாது என்பதால், ஐரோப்பிய ஆணையம் ஒரு நிபந்தனை போட்டது: 600-க்கும் மேற்பட்ட கிளைகளைப் பிரித்து விற்க வேண்டும்.

கோ-ஆபரேட்டிவ் வங்கிக்கு விற்கும் முயற்சி 2013-ல் கைகூடவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் அந்தக் கிளைகள் டிஎஸ்பி என்ற தனி வங்கியாகப் பிரிந்தன. 2015-ல் ஸ்பெயினின் சபாடெல் வங்கி அதை சுமார் 170 கோடி பவுண்டுக்கு வாங்கியது.

பெயர்ப் பலகை மாறியது, முதலாளி மாறினார். ஆனால் கணக்கு விவரம், பணப் பரிமாற்றம், கார்டு, கடன் என எல்லாமே லாய்ட்ஸின் கணினிகளில்தான் ஓடிக்கொண்டிருந்தன.

விற்ற பிறகும் பழைய கணினி ஏன்?

ஒரு நிறுவனத்தை விற்பதற்கு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் போதும். அதன் மென்பொருளை ஒரே நாளில் பிரித்துக் கொடுக்க முடியாது. அதனால் விற்றவரும் வாங்கியவரும் ஓர் இடைக்காலச் சேவை ஒப்பந்தம் போட்டுக்கொள்வார்கள். 'நீங்க தனியா மென்பொருள் ரெடி பண்ற வரைக்கும் எங்க கணினியைப் பயன்படுத்திக்குங்க, அதுக்குக் கட்டணம் கொடுத்துடுங்க' என்பதுதான் சாரம்.

வீட்டை வாங்கிக் குடியேறிவிட்டோம், ஆனால் கரன்ட் மீட்டர் இன்னும் பழைய ஓனர் பேரில் இருக்கிறது என்பது மாதிரியான நிலைமை. ஒவ்வொரு மாதமும் காசு போகும். எதையாவது மாற்ற வேண்டுமென்றால் அவரிடம் கேட்க வேண்டும். டிஎஸ்பி விஷயத்தில் அந்தப் பழைய ஓனர் போட்டி வங்கியும்கூட.

எனவே சபாடெல் சீக்கிரம் வெளியேற நினைத்தது. தன் சொந்த மென்பொருளை பிரிட்டனுக்கு ஏற்றபடி மாற்றி 'புரோடியோ4யுகே' என்று பெயர் வைத்தது. அதற்கு மாறிவிட்டால் ஆண்டுக்கு 16 கோடி பவுண்ட் மிச்சமாகும் என்பது எதிர்பார்ப்பு. மாற்றச் செலவுக்காக லாய்ட்ஸும் 45 கோடி பவுண்ட் கொடுத்தது. ஒவ்வொரு மாதத் தாமதமும் செலவு என்பதால் 'எப்போ முடியும்?' என்ற கேள்வி தலைக்கு மேல் தொங்கிக்கொண்டே இருந்தது.

டேட்டாவை காப்பி-பேஸ்ட் பண்ண முடியாதா?

வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் இரண்டு மென்பொருள்கள் ஒரே வாடிக்கையாளரை ஒரே மாதிரி பதிவு செய்வதில்லை.

நமக்குப் பழக்கமான உதாரணம், இனிஷியல். ஒரு மென்பொருளில் முழுப் பெயருக்கு ஒரே கட்டம் இருக்கும். இன்னொன்றில் முதல் பெயர், குடும்பப் பெயர் என இரண்டு கட்டங்கள் இருக்கும். 'எஸ். முருகன்' இரண்டாவதில் எப்படி உட்காருவார்? ஒருவருக்குச் சேமிப்புக் கணக்கு, வீட்டுக் கடன், கிரெடிட் கார்டு மூன்றும் இருந்தால், அவர் புதிய மென்பொருளில் ஒரே ஆளாகத் தெரிவாரா, மூன்று பேராகத் தெரிவாரா? மாதாமாதம் தானாகப் போகும் வாடகையும் தவணையும் தொடருமா? இப்படி ஒவ்வொன்றையும் பொருத்திப் பார்த்து, மாற்றி, மறுபடி சரிபார்க்க வேண்டும்.

இதில் ஆச்சரியம் என்னவென்றால், டிஎஸ்பி இந்தக் கஷ்டமான பகுதியில் தோற்கவில்லை. தரவுகள் வெற்றிகரமாகவே இடம் மாறின என்று பிரிட்டனின் ஒழுங்குமுறை அமைப்புகளே சொல்லியிருக்கின்றன. தரவுகள் போய்ச் சேர்ந்த புதிய தளம்தான் லட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் நுழைந்தபோது தடுமாறியது. சாமான்கள் உடையாமல் வந்து சேர்ந்தன, புது வீட்டில் வயரிங் முடியவில்லை.

அப்படியென்றால் தப்பு எங்கே நடந்தது?

டிஎஸ்பி நிர்வாகக் குழுவே கேட்டுக்கொண்டதன் பேரில் ஸ்லாட்டர் அண்ட் மே என்ற சட்ட நிறுவனம் விசாரித்து, 2019 நவம்பரில் அறிக்கை கொடுத்தது. அதன் சில முடிவுகளை வங்கி ஏற்கவில்லை என்றாலும், அதில் வரும் விஷயங்கள் ஐடி துறையில் இருப்பவர்களுக்கு ரொம்பவே பரிச்சயமாகத் தெரியும்.

முதல் விஷயம், தேதி. மாற்றம் முதலில் 2017 நவம்பரில் நடக்க வேண்டியது. வேலை முடியாததால் 2018-ன் முதல் காலாண்டுக்குத் தள்ளிப்போடப்பட்டது. என்னென்ன வேலை பாக்கி, அதற்கு எத்தனை நாள் ஆகும் என்று முழுசாகக் கணக்கெடுத்து அந்தத் தேதிக்கு வரவில்லை. இலக்குத் தேதியை முதலில் வைத்துக்கொண்டு, வேலைகளை அதற்குள் அடக்கப் பார்த்தார்கள். பால் காய்ச்சும் தேதியைப் பத்திரிகையில் அடித்துவிட்டு எலக்ட்ரீஷியனைத் தேடுவது போல.

இரண்டாவது, எல்லாமே ஒரே வார இறுதியில். சிறு சிறு குழுவாக வாடிக்கையாளர்களை மாற்றிப் பார்த்தால், தப்பு நடந்தாலும் பாதிப்பு சிலரோடு நிற்கும். டிஎஸ்பி பெரும்பகுதியை ஒரே மூச்சில் மாற்றியது. 52 லட்சம் வாடிக்கையாளர்கள் கொண்ட வங்கி அது.

மூன்றாவது, சோதனை. புதிய மென்பொருள் இரண்டு தரவு மையங்களில் ஒரே நேரத்தில் இயங்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. எவ்வளவு கூட்டத்தைத் தாங்கும் என்பதற்கான சோதனை அவற்றில் ஒன்றில் மட்டுமே நடந்தது.

நான்காவது, யாரிடம் வேலை கொடுக்கப்பட்டது என்பது. மென்பொருளை உருவாக்கியது சபாடெலின் சொந்த ஐடி நிறுவனமான சாபிஸ். சாபிஸுக்குக் கீழே பல துணை ஒப்பந்த நிறுவனங்கள் இருந்தன. எல்லாரும் தயாராக இருக்கிறார்களா என்பதற்கு டிஎஸ்பி பெரிதும் நம்பியது சாபிஸ் கொடுத்த உறுதிக் கடிதத்தை. சொந்தக்காரரிடம் வேலை கொடுத்தால் கறாராகக் கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் வங்கியில் அந்தத் தயக்கத்துக்கு விலை கொடுப்பது வாடிக்கையாளர்.

விலை எவ்வளவு?

சம்பளம் வந்ததா என்று பார்க்க முடியவில்லை, பில் கட்ட முடியவில்லை, போன் போட்டால் லைன் கிடைக்கவில்லை. குழப்பத்தைப் பயன்படுத்தி மோசடிக் கும்பல்களும் புகுந்தன. 1,300 பேர் மோசடியில் பணத்தை இழந்ததாக அப்போதைய தலைமை நிர்வாகி பால் பெஸ்டர் நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னார். செப்டம்பரில் அவர் பதவி விலகினார்.

ஓர் ஆண்டுக்குள் வந்த புகார்கள் 2,25,492. வாடிக்கையாளர்களுக்கு டிஎஸ்பி கொடுத்த இழப்பீடு 3.27 கோடி பவுண்ட். சுமார் 80,000 பேர் வேறு வங்கிக்குப் போனார்கள். 2018-ல் மட்டும் இந்தக் குளறுபடியால் ஆன செலவு 33 கோடி பவுண்ட். ஆண்டுக்கு மிச்சமாகும் என்று எதிர்பார்த்த தொகையைப் போல இது இரண்டு மடங்கு.

2022 டிசம்பரில் பிரிட்டனின் இரண்டு ஒழுங்குமுறை அமைப்புகளும் சேர்ந்து வங்கிக்கு 4.865 கோடி பவுண்ட் அபராதம் விதித்தன. அதோடு விடவில்லை. 2023 ஏப்ரலில் வங்கியின் முன்னாள் தலைமைத் தகவல் அதிகாரிக்குத் தனிப்பட்ட முறையில் 81,620 பவுண்ட் அபராதம் விதிக்கப்பட்டது. சாபிஸையும் அதன் துணை நிறுவனங்களையும் சரியாக மேற்பார்வை செய்யவில்லை என்பதுதான் குற்றச்சாட்டு.

இந்தியாவில் இப்படி நடந்திருக்கிறதா?

சிட்டி வங்கியின் இந்தியச் சில்லறை வணிகத்தை ஆக்சிஸ் வங்கி வாங்கியது பலருக்கு ஞாபகம் இருக்கும். 2022 மார்ச்சில் ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது, 2023 மார்ச் 1-ல் வணிகம் கைமாறியது. ஆனால் வாடிக்கையாளர்கள் அடுத்த ஓர் ஆண்டுக்கும் மேலாக சிட்டி பெயரிலேயே கார்டையும் ஆப்பையும் பயன்படுத்தினார்கள். 2024 ஜூலையில்தான் ஆக்சிஸின் மென்பொருளுக்கு மாறினார்கள். இடையில் இருந்த காலம் முழுக்க இதே இடைக்கால ஏற்பாடுதான்.

வங்கி மட்டுமல்ல. இன்ஷூரன்ஸ், டெலிகாம், ஷாப்பிங் ஆப் என எது கைமாறினாலும் பின்னால் இந்த வேலை நடந்தே ஆக வேண்டும்.

உங்கள் வங்கி கைமாறினால் என்ன செய்யலாம்?

* மாற்றம் நடக்கும் தேதிக்கு முன்பே கடந்த ஓராண்டு ஸ்டேட்மென்ட்டை டவுன்லோட் செய்து வையுங்கள்.
* இஎம்ஐ, எஸ்ஐபி, இன்ஷூரன்ஸ் எனத் தானாகப் போகும் தொகைகளைப் பட்டியல் போடுங்கள். மாற்றத்துக்குப் பிறகு ஒவ்வொன்றும் தொடர்கிறதா என்று பாருங்கள்.
* மொபைல் எண், மின்னஞ்சல் இரண்டும் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள்.
* அந்த வார இறுதிச் செலவுக்குக் கொஞ்சம் ரொக்கமோ, வேறு வங்கிக் கணக்கில் பணமோ இருக்கட்டும்.
* 'உங்க கணக்கைப் புதுப்பிக்க இங்கே அழுத்தவும்' என்று வரும் லிங்க்கைத் தொடவே வேண்டாம். மோசடி செய்பவர்களுக்கு இது சீசன்.

இனி என்ன?

டிஎஸ்பியைத் தனது பிரிட்டன் வங்கியோடு இணைப்பதுதான் சான்டாண்டரின் திட்டம். அபே, அலையன்ஸ் அண்ட் லெஸ்டர் என முன்பு வாங்கிய பிரிட்டன் நிறுவனங்களைத் தனது 'பார்டெனான்' மென்பொருளுக்கு மாற்றிய அனுபவம் அதற்கு இருக்கிறது. அது சாதகமான விஷயம்.

ஆனால் லாய்ட்ஸிலிருந்து சபாடெலின் மென்பொருளுக்கு வந்து பட்ட அதே வாடிக்கையாளர்கள்தான் மறுபடியும் மூட்டை கட்ட வேண்டியிருக்கும். மாற்றத்துக்கான தேதி ஒரு நாள் அறிவிக்கப்படும். சீக்கிரமா, தாமதமா என்பதைவிட, என்னென்ன சோதனை முடிந்த பிறகு அந்தத் தேதி குறிக்கப்பட்டது என்று அவர்கள் கேட்க வேண்டும். 2018-ல் அதை உரிய நேரத்தில் அழுத்திக் கேட்க ஆளில்லை.