எங்க ஊர் மழையை எங்க ஊர்லதான் அளக்கணும்!



‘கர்ணனுக்குப் பிறகு கொடையும் இல்லை, கார்த்திகைக்குப் பிறகு மழையும் இல்லை’ என்று நம் பாட்டன்மார் சொல்லிவிட்டுப் போனார்கள். அதை நம்பித்தான் சம்பாவுக்கு நாள் கணக்குப் போட்டோம். தை பிறந்தால் வெயில் காயும், அறுப்பு மிஷினுக்குச் சொல்லி வைக்கலாம் என்று இருந்தோம். என்ன நடந்தது? 2021 ஜனவரியில் பொங்கல் பானை வைக்கவே மனசில்லாமல் மழை. 2023 பிப்ரவரி முதல் வாரத்தில், தை முடியப் போகிற நேரத்தில், கதிர் முற்றி நின்ற வயலில் மறுபடியும் மழை. சாய்ந்த கதிர் தண்ணிக்குள்ளேயே முளை விட்டதை டெல்டா முழுக்கப் பார்த்தோம். கர்ணன் போனது போனதுதான். கார்த்திகைக்குப் பிறகு மழை மட்டும் வந்துகொண்டே இருக்கிறது.

பழமொழி பொய்த்துப் போச்சு என்று டீக்கடையில் எல்லாரும் சொல்கிறோம். ஆனால் தாலுகா ஆபீசில் போய்ச் சொன்னால், ‘ரெக்கார்டு இருக்கா?’ என்று கேட்கிறார்கள். கேட்கத்தான் செய்வார்கள். நம்மிடம் இல்லை. இந்தத் துண்டுப் பிரசுரத்தில் நான் பேச வந்தது அந்த ரெக்கார்டைப் பற்றி மட்டும்தான்.

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு மழைமானி நட்டிருக்கிறேன். மாட்டுக்கொட்டகைத் தாழ்வாரத்தில் கூடுதல், குறைவு இரண்டையும் காட்டும் வெப்பமானி ஒன்று தொங்குகிறது. தினமும் காலை எட்டரை மணிக்குப் பார்த்து நோட்டில் எழுதுகிறோம். நான் வயலில் இருந்தால் வீட்டுக்காரம்மா எழுதுவாங்க. வானிலை ஆய்வுத் துறையும் அதே எட்டரை மணிக்குத்தான் அளக்கிறது, அதனால் நம் கணக்கையும் அவர்கள் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். எங்கள் அப்பா காலத்தில் காலண்டர் தாளில் ‘உழவு மழை’, ‘தூறல்’ என்று பென்சிலால் எழுதி வைப்பார். அவருக்கு அது போதும். நமக்குப் போதாது. நம்மிடம் கேட்கிறவன் மில்லிமீட்டரில் கேட்கிறான்.

நோட்டு என்ன சொல்கிறது? ஆடியில் காத்துதான், மழை பேருக்கு. ஆவணி, புரட்டாசியில் பகல் முழுக்கப் புழுங்கி, சாயங்காலம் இடி இடித்து, ஒரு தெருவில் கொட்டி அடுத்த தெருவை விட்டுவிடும். ஐப்பசி, கார்த்திகைதான் நமக்குச் சோறு. தமிழ்நாட்டின் ஆண்டு மழை ஏறத்தாழ 92 சென்டிமீட்டர் என்றால், அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக, 44 சென்டிமீட்டர், அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவமழையில்தான் கிடைக்கிறது. கடற்கரைப் பக்கம் இருக்கிற நமக்கு அந்தப் பங்கு இன்னும் அதிகம். மார்கழியில் பனி. அந்த மாதம் நான் மழையைவிட ராத்திரிச் சூட்டைத்தான் கவனிக்கிறேன். ராத்திரி குளிர்ந்து, காலையில் இலை நனைந்தே நின்றால் குலைநோய்க்குக் கொண்டாட்டம். மருந்துக்கடைக்காரர் சொல்வதற்கு முன்னால் நோட்டு சொல்லிவிடும்.

ஆனால் மாசக் கணக்கு மட்டும் பார்த்தால் ஏமாந்து போவோம். என் நோட்டில் ஒரு ஐப்பசி இருக்கிறது. மொத்தத்தைக் கூட்டினால் ‘இயல்பான மழை’. நாள்வாரியாகப் பார்த்தால் முதல் மூன்று வாரம் சைபர், சைபர், சைபர். விதைத்த நெல் முளைத்துக் கருகியது. கடைசி நாலு நாளில் மொத்தமும் கொட்டியது. திரும்ப விதைத்தது அழுகியது. இரண்டு தடவை விதை வாங்கியவனுக்கு அந்த மாசம் இயல்பான மாசமாம்! இன்னொரு கூத்தும் இருக்கிறது. சராசரியைவிட 19 சதவீதம் குறைந்தாலும், 19 சதவீதம் கூடினாலும் வானிலைத் துறை அகராதியில் அது ‘இயல்பு’. 20 முதல் 59 சதவீதம் வரை குறைந்தால் ‘பற்றாக்குறை’. 2016 போல வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் பொய்த்த வருஷத்தில் நோட்டும் வேண்டாம், மழைமானியும் வேண்டாம், வெடித்த வயலே சாட்சி. நம்மைக் கொல்வது நடுவாந்தர வருஷங்கள். மாவட்டச் சராசரியில் எல்லாம் சரியாக இருக்கும், நம் கிராமத்தில் மட்டும் ஒன்றும் சரியாக இருக்காது.

எங்கோ ஒரு இடத்தில் அளந்த மழை நம் ஊர் மழை ஆகுமா? 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்தில் பெய்ததை எடுத்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர். பத்து கிலோமீட்டர்கூட இல்லாத திருச்செந்தூரில் 69. வித்தியாசம் மட்டும் 26 சென்டிமீட்டர்! ஒரே புயல் சின்னம் இல்லை, ஒரே கடற்கரை, ஒரே ராத்திரி, அதற்கே இந்த வித்தியாசம். 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் கொட்டியதும் நமக்குத் தெரியும். இப்படிப் பெருமழையிலேயே ஊருக்கு ஊர் மாறும்போது, ஆவணி மாத இடிமழையைச் சொல்லவும் வேண்டுமா?

எனக்கே நடந்தது. குறுவை அறுத்து, நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் குவித்துப்போட்டு, எடை போட முறை வருமென்று காத்துக் கிடந்தோம். ராத்திரி இடி இடித்துப் பிடித்தது. தார்ப்பாய் போட்டும் அடிநெல் நனைந்துவிட்டது. காலையில் என் மழைமானியில் 58 மில்லிமீட்டர். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேலே போனதால் நெல்லைத் தொடமாட்டேன் என்றார்கள். மழையினால் ஆனது, ஏதாவது செய்யுங்கள் என்று மனு எழுதிப் போனோம். அந்த அலுவலர் பட்டியலைப் பார்த்துவிட்டு, ‘நேத்து உங்க பக்கம் 4 மில்லிதானே, எங்கே மழை பெஞ்சது?’ என்றார். அவர் பட்டியலில் இருந்தது பன்னிரண்டு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் இருக்கிற டவுன் மழை. அவர் பொய் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. நஷ்டம் மட்டும் எனக்கு.

இன்சூரன்சுக்கு வருவோம். 2016ல் வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் நெல்லுக்கு மகசூல் இழப்பை அறுவடைச் சோதனை வைத்துக் கணக்கிடுகிறார்கள். அது தனிக் கதை, இன்னொரு நாள் பேசலாம். ஆனால் மழையில்லாமல் விதைக்கவே முடியாமல் போனாலும், நடுப்பருவத்தில் பயிர் கெட்டாலும், முன்தொகை கொடுப்பதா இல்லையா என்று முடிவு செய்ய மழைக் கணக்கையும் பார்க்கிறார்கள். விதைக்க முடியாமல் போனதற்குக் காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம். எந்த மழைமானியின் கணக்கு என்பதில்தான் அந்தப் பணம் வருவதும் போவதும் இருக்கிறது.

இன்னொன்று. நெல் வயல் தண்ணீரில் மூழ்கினால் தனி விவசாயிக்கு இழப்பீடு என்பதை 2018ல் எடுத்துவிட்டார்கள். கடைமடைக்காரன் வயிற்றில் அடித்த முடிவு அது. போராடினோம், கத்தினோம். 2025 நவம்பரில், 2026 காரீப் பருவத்திலிருந்து அதைத் திரும்பச் சேர்ப்பதாக மத்திய அரசு அறிவித்தது. 72 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும். எந்த ராத்திரி பெய்தது, எத்தனை மில்லி, தண்ணி எத்தனை நாள் நின்றது என்று கேள்வி வரும். அப்போது ‘பயங்கர மழைங்க சார்’ என்று சொன்னால் எடுபடுமா?

ஊருக்கு ஊர் மழைமானி வைப்பது ஆகாத காரியம் என்கிறார்கள். பக்கத்துக் கர்நாடகத்தைப் பாருங்கள். தண்ணிக்காக அவர்களோடு நமக்கு ஆயிரம் வழக்கு இருக்கலாம். ஆனால் அங்கே கிராமப் பஞ்சாயத்து அளவில் ஆறாயிரத்துக்கு மேல் தானியங்கி மழைமானிகள் வைத்துவிட்டார்கள். மத்திய அரசே 2023ல் ஒரு திட்டம் அறிவித்தது. வட்டாரத்துக்கு ஒரு தானியங்கி வானிலை நிலையம், ஊராட்சிக்கு ஒரு மழைமானி என்று அதில் எழுதியிருக்கிறது. நம் மாநிலம் அறிவித்தது 1,400 தானியங்கி மழைமானிகள். வரவேற்கிறோம், குறை சொல்லவில்லை. ஆனால் நம்மிடம் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் ஊராட்சிகள் இருக்கின்றன. வகுத்துப் பாருங்கள், ஒன்பது ஊராட்சிக்கு ஒன்று வருகிறது. மிச்சம் எட்டு ஊர்க்காரன் பக்கத்து ஊர் மழையில்தான் பயிர் வைக்கணுமா?

‘விவசாயி எழுதும் நோட்டை எப்படி நம்புவது, கூட்டி எழுதமாட்டீர்களா?’ என்று ஒரு கூட்டத்தில் கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். நானே தப்புப் பண்ணியிருக்கிறேன். முதலில் என் டப்பாவை முருங்கை மரத்தடியில் வைத்திருந்தேன். மழை விட்ட பிறகும் இலைத் தண்ணி சொட்டிக்கொண்டே இருந்தது. தெரிந்த பிறகு இரண்டு வருஷக் கணக்கைக் கிழித்துப் போட்டேன். மனசு கேட்கவில்லை, ஆனாலும் போட்டேன். தானியங்கி மெஷினும் சத்தியவான் இல்லீங்க. சருகு அடைத்துக்கொண்டால் அதுவும் சைபர்தான் காட்டும். அதனால் மெஷின் இருக்கிற ஊரிலும் கையால் அளக்கிற மழைமானி ஒன்று பக்கத்தில் இருக்கணும். கிராம நிர்வாக அலுவலரும் ஊர்க்காரர் ஒருவரும் வாரம் ஒருமுறை நோட்டில் கையெழுத்துப் போடட்டும். பொய் எழுத யாருக்கு இடம் இருக்கும்?

ஆகவே, ஒவ்வொரு வருவாய் கிராமத்திலும் அரசு செலவில் மழைமானி வை, தினக் கணக்கை ஊராட்சிப் பலகையில் எழுது, நிவாரணத்துக்கும் காப்பீட்டுக்கும் அந்தக் கணக்கையே எடு என்று நம் சங்கம் கேட்கிறது. இதற்கு வல்லுநர் குழு தேவையில்லை. ஒரு டப்பாவும் ஒரு நோட்டும் தேவை.

அரசு வைக்கிற வரை நாமே வைப்போம். கடையில் பிளாஸ்டிக் மழைமானி கிடைக்கிறது. இல்லாவிட்டால் வாயும் அடியும் ஒரே அகலமாக இருக்கிற டப்பா போதும், நின்ற தண்ணியின் உயரமே மழை அளவு. குறுகின பாட்டிலில் புனல் வைத்தால், புனல் வாய் 20 சென்டிமீட்டர் குறுக்களவு இருக்கட்டும். அதில் சேருகிற ஒவ்வொரு 31.4 மில்லி தண்ணியும் ஒரு மில்லிமீட்டர் மழை. மரம், சுவர் எவ்வளவு உயரமோ அதைப்போல இரண்டு மடங்கு தள்ளி, திறந்த இடத்தில் ஆடாமல் நடுங்கள். மழை இல்லாத நாளில் சும்மா விடாதீர்கள், சைபர் என்று எழுதுங்கள். முளைப்புக் கருகியதை நிரூபிக்கப் போவது அந்த சைபர்கள்தான்.

வரும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு மனுவோடு நோட்டையும் எடுத்து வாருங்கள். எழுதத் தொடங்கி ஒரு மாசம்தான் ஆகிறதென்றால் அந்த ஒரு மாசத்தைக் கொண்டு வாருங்கள். இரண்டு ஜெராக்ஸ், ஒன்று கலெக்டருக்கு, ஒன்று சங்கத்துக்கு. அசல் நோட்டை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.