கூட்டத்தின் மேல் பழி போடாதீர்கள்!

பண்டிகை நாள். ஓட்டலில் நல்ல கூட்டம். இருப்பதோ ஒரே ஒரு சர்வர். "இரண்டு இட்லி!" "எனக்கு ஒரு தோசை!" "காப்பி என்ன ஆச்சு?" என்று நாலு பக்கமும் குரல். அவர் என்ன செய்வார், பாவம்! திகைத்து நின்றுவிடுவார்.

இணையதளத்துக்கும் ஒரு சர்வர் உண்டு. அது ஆள் அல்ல, கம்ப்யூட்டர். நீங்கள் போனில் ஒரு பக்கத்தைத் தொட்டதும், "இது வேண்டும்" என்ற சேதி எங்கோ இருக்கும் அந்தக் கம்ப்யூட்டருக்குப் போகிறது. கேட்டதை அது எடுத்து அனுப்புகிறது. வேலையும் ஒன்று, பெயரும் ஒன்று!

ஒருவர் கேட்டால் கண் மூடித் திறப்பதற்குள் வந்துவிடும். ஒரே நிமிடத்தில் லட்சம் பேர் கேட்டால்? சக்கரம் சுற்றும். சுற்றிக்கொண்டே இருக்கும்.

"எதிர்பாராத கூட்டம்" என்று காரணம் சொல்லுவார்கள். இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

6 பேர்!

2013-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி. அமெரிக்காவில், அப்போதைய ஜனாதிபதி ஒபாமாவின் சர்க்கார் ஓர் இணையதளத்தைத் திறந்தது. "ஹெல்த்கேர் டாட் கவ்" என்று பெயர். இன்சூரன்ஸ் இல்லாத குடும்பங்கள் வைத்தியச் செலவுக்கு அதில் பதிந்து கொள்ளலாம். அந்த நாட்டில் ஆஸ்பத்திரிச் செலவு சாமானியமானது அல்ல. ஒரு பெரிய ஆபரேஷன் வந்தால் குடும்பமே கடனில் மூழ்கிவிடும். ஆகவே ஜனங்கள் வந்து மொய்த்தார்கள்.

பக்கம் திறக்கவில்லை. திறந்தவர்களுக்கும் பாதி வழியில் நின்றது. முதல் நாள் பதிவை முடித்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 6 பேர்!

ஒரே நேரத்தில் 50 ஆயிரம், 60 ஆயிரம் பேர் வருவார்கள் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். வந்தவர்கள் 2½ லட்சம் என்றார்கள். "பார்த்தீர்களா, கூட்டம்தான் காரணம்!" என்பீர்கள்.

அதுதான் இல்லை. திறப்பதற்குச் சில நாள் முன்பு, சில நூறு பேர் வந்தது போலச் செய்து பார்த்த சோதனையிலேயே அது படுத்துவிட்டது என்று அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதின. அப்படியும் திறந்தார்கள்! தேதி குறித்தது சர்க்கார். ஊரெல்லாம் சொல்லி அழைத்ததும் சர்க்கார். பிறகு கூட்டம் எப்படி எதிர்பாராததாகும்?

தோசைக்கல் ஒன்று

சர்வர்களை அதிகமாக்கினால் போதாதா? போதாது. ஓட்டலில் இன்னும் பத்து சர்வர்களை நிறுத்துங்கள். உள்ளே தோசைக்கல் ஒன்றே ஒன்று என்றால் என்ன பிரயோசனம்? பத்துப் பேரும் கல்லைச் சுற்றி நிற்பார்கள்.

அமெரிக்காவில் நடந்ததும் ஏறக்குறைய இதுதான். என்ன விலை என்று பார்க்க வந்தவர்கூட, முதலில் தம் விவரம் கொடுத்துக் கணக்குத் திறக்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள். அந்த ஒரு வாசலில் அத்தனை பேரும் நெருக்கியடித்தார்கள். விலைப்பட்டியலை வெளியே எழுதிப் போட்டிருந்தால் பலர் பார்த்துவிட்டுப் போயிருப்பார்களே! பிறகுதான் அப்படிச் செய்தார்கள்.

கெட்டிக்கார சர்வர்

இத்தனைக்கும், கூட்டத்தைச் சமாளிக்கும் வித்தை அப்போது புதிது அல்ல. பழைய முறையில், ஒருவர் கேட்ட தோசை வேகும் வரை சர்வர் அங்கேயே கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். ரஷ்யாவைச் சேர்ந்த இகோர் சிசோயெவ் என்ற என்ஜினீயர் 2004-ம் ஆண்டு "என்ஜின் எக்ஸ்" என்ற புரோகிராமை வெளியிட்டார். தோசை வேகிற நேரத்தில் அடுத்த மேஜைக்குப் போய் "உங்களுக்கு என்ன?" என்று கேட்கிற சர்வர் அது! ஒரே கம்ப்யூட்டர் 10 ஆயிரம் பேரைச் சமாளிக்க வேண்டும் என்பது நோக்கம். சமாளித்தது. இன்று உலகில் ஏராளமான தளங்கள் அதில்தான் ஓடுகின்றன.

ஹெல்த்கேர் தளத்தை வெளியிலிருந்து வந்த என்ஜினீயர்களும் சேர்ந்து இரவு பகலாக ரிப்பேர் செய்தார்கள். டிசம்பரில் ஓரளவு சீரானது. 2014-ம் ஆண்டு ஏப்ரலுக்குள், மாநிலங்கள் தனியாக நடத்திய தளங்களையும் சேர்த்து, சுமார் 80 லட்சம் பேர் பதிந்துவிட்டார்கள்.

ரிப்பேரில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. கூட்டம் மிஞ்சினால், "ஈமெயில் விலாசம் கொடுங்கள்; எப்போது வரலாம் என்று சொல்லி அனுப்புகிறோம்" என்ற ஏற்பாடு. ஓட்டல்காரர் "அரை மணி ஆகும்" என்று சொல்லிவிட்டால் நாம் கோபிப்பதில்லை. முதல் நாளில் வெறும் "பொறுங்கள்" என்ற பலகைதான் இருந்தது. எவ்வளவு நேரம் என்று இல்லை. அந்த ஒரு வரியை அன்றைக்கே எழுதிப் போட என்ன கஷ்டம்?